களவுபோன மாடு எல்லை தாண்டிய பிறகு

கென்யாவின் வடமேற்கு மூலையில் துர்கானா சமவெளி இருக்கிறது. அதன் மேற்கு விளிம்பில் மலைச்சரிவு. சரிவில் ஏறினால் உகாண்டாவின் கரமோஜா. கீழே காய்ந்து கிடக்கும் நிலம். மேலே கொஞ்சம் கூடுதலாக மழை காணும் புல்வெளி. மழை பொய்த்த ஆண்டுகளில் துர்கானா மேய்ப்பர்கள் மந்தையோடு மேலே ஏறுவார்கள். மொரோட்டோ மாவட்டத்தின் ரூபா பகுதியில் கோபெபே என்றொரு நீர்த்தேக்கம் உண்டு. மற்ற தண்ணீரெல்லாம் வற்றிய பிறகு அவர்களில் பலர் நம்பி வருவது அதைத்தான். கரமோஜாவின் மேய்ப்பர் இனங்களான மாதெனிகோ, ஜியே மக்களின் மாடும் துர்கானா மாடும் ஒரே கரையில் தண்ணீர் குடிக்கும். சண்டை மூள்வதும் பெரும்பாலும் அந்தக் கரையை ஒட்டித்தான்.

இந்த வட்டாரத்து மாட்டுக் கொள்ளையைப் பற்றி எழுதுகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றியே நிறைய எழுதுகிறார்கள். துப்பாக்கி முக்கியம்தான். ஆனால் இரண்டு அரசுகள் முறைத்துக்கொள்ளும் நிலைக்கு விவகாரம் போவது கொள்ளை நடந்த இரவில் அல்ல. போன மாடு எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தும் திரும்பாமல் நாட்கள் கடக்கும்போதுதான் போகிறது. எனவே மீட்பு எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது என்பதையே இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எல்லைக்கோட்டைப் பற்றிக் கொஞ்சம். இன்றைய துர்கானா நிலம் ஒரு காலத்தில் உகாண்டாவின் ருடால்ஃப் மாகாணத்தில் இருந்தது. 1926இல்தான் கென்யாவுக்கு மாற்றப்பட்டது. அதற்குத் தெற்கே போகோட் மக்கள் வாழும் கராசுக் பகுதி கென்யாவின் மண்ணாக இருந்தும், 1930களின் தொடக்கத்திலிருந்து 1970 வரை உகாண்டாவின் நிர்வாகத்தில் இருந்தது. வடக்கே கென்யா, தெற்கு சூடான், எத்தியோப்பியா மூன்றும் முட்டும் இலெமி முக்கோணத்தின் தகராறு இன்னும் தீரவில்லை. ஆக, கோடு இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது; மந்தைகளின் தடம் மாறவில்லை. மேய்ச்சலுக்குப் போகிறவன் தன்னை வெளிநாட்டுக்குப் போகிறவனாக நினைப்பதில்லை. அவனைப் பிடிக்கும் சிப்பாய் மட்டும் அப்படி நினைக்கிறான்.

1979இல் இடி அமீன் ஆட்சி விழுந்தபோது மொரோட்டோ ராணுவ முகாமின் ஆயுதக் கிடங்கு சூறையாடப்பட்டது. ஈட்டியோடு நடந்த கொள்ளை ஏகே-47க்கு மாறியது அதன் பிறகுதான். அன்றைய பெருங்கொள்ளை, அதாவது அஜோரே, நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டு போவது. எமுரோன் எனப்படும் குறிசொல்லி நாள் குறிப்பார், பெரியவர்கள் ஆசி தருவார்கள், விடியும் நேரத்தில் பட்டியைச் சூழ்வார்கள். பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மாடு, வறட்சியில் செத்த மாட்டுக்கு ஈடு, பழைய பகை எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். யார் போனார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்ததால், பேச்சுவார்த்தைக்கு உட்கார எதிர்த்தரப்பில் ஆள் இருந்தார்கள். 2019க்குப் பிறகு மீண்டும் தலையெடுத்த கொள்ளைகளில் சிறு கும்பல்கள்தான் அதிகம். லோனெத்தியா என்று அழைக்கப்படும் அந்த இளைஞர்கள் பெரியவர்களைக் கேட்டுப் போவதில்லை. சில மாடுகளை ஓட்டிவந்து இரண்டொரு நாளில் தரகரிடம் தள்ளிவிடுகிறார்கள். அமைதிக் கூட்டத்தில் வந்து உட்காரும் பெரியவருக்கு அவர்களைக் கட்டுப்படுத்தும் வலு பெரிதாக இல்லை. பழைய உடன்பாட்டு முறைகள் தடுமாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஓட்டிக்கொண்டு போகும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மேய்ந்தபடி நாளுக்கு 10, 15 கிலோமீட்டர் நடக்கும் மாட்டை ஒரே இரவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் விரட்டுவார்கள். கன்றும் நிறைசினையும் வழியிலேயே விழுந்துவிடும். தாயை விரட்டிக்கொண்டு போனால் பட்டியில் தங்கிய கன்று பாலில்லாமல் சாகும். களவுக் கணக்கில் இந்தக் கன்றுகள் பெரும்பாலும் வருவதே இல்லை. முதல் தண்ணீரைத் தொட்டதும் மந்தையைப் பிரிப்பார்கள். ஒரு பங்கு மலையிடுக்குக்குள், ஒரு பங்கு உறவினர் பட்டிக்குள், ஒரு பங்கு லாரி ஏறும் சந்தைப் பக்கம். அப்படிப் பிரிந்த பிறகு 40 மாடு தேடுவது ஒரு வேலையாக இருக்காது, மூன்று வேலைகளாகிவிடும்.

தடம் பிடிப்பவர்கள் குளம்படியையும் சாணத்தையும் பார்த்துப் போகிறார்கள். சாணத்தின் மேல் காய்ந்த பொருக்கைக் காலால் தட்டி உள்ளே ஈரம் எவ்வளவு என்று பார்த்தால், மாடு கடந்து எவ்வளவு நேரமாயிற்று என்று தோராயமாகத் தெரியும். விரட்டப்பட்ட மாட்டின் குளம்பு முன்பக்கம் ஆழமாகப் பதியும், சாணம் ஒரே இடத்தில் குவியாமல் நீளமாகச் சிதறிக் கிடக்கும். பாறைத்தரையில் தடம் அறுந்துபோவதும் மழை அழிப்பதும் எல்லோருக்கும் தெரிந்த சிக்கல்கள். ஆனால் தடத்தை அதிகம் அழிப்பது காலையில் தண்ணீருக்குக் கிளம்பும் மற்ற மந்தைகள்தான். ஆயிரம் குளம்புகள் அதே வழியில் மிதித்துப் போன பிறகு எந்தத் தடமும் மிஞ்சாது. அதனால் விடிவதற்கு முன்பே பக்கத்துப் பட்டிகளுக்கு ஆள் அனுப்பி, மந்தையை அன்று காலை திறக்க வேண்டாம், அல்லது வேறு வழியில் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். இதைச் செய்த ஊர்களுக்கும் செய்யாத ஊர்களுக்கும் மீட்பில் பெரிய வித்தியாசம் உண்டு.

மீட்கப் போகும் கூட்டம் ஆயுதத்தோடு, ஆத்திரத்தோடு போகிறது. ஆநிரை மீட்டு மாண்டவர்களுக்கு நட்ட நடுகற்களைச் செங்கம் பக்கம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மாட்டைக் கொண்டுபோன இடத்தைவிட மாட்டைத் திருப்பப் போன இடத்தில்தான் உயிர்கள் போகின்றன. தடம் அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் எந்தப் பட்டி இருக்கிறதோ, அதுவே திருடன் பட்டி என்று சுட்டுவிடுவதும் நடக்கிறது. அடுத்த கொள்ளைக்கு அதுவே காரணம்.

இந்த இடத்தில் ஊர் வழக்கம் ஒரு நல்ல விதியை வைத்திருக்கிறது. தடம் உன் எல்லைக்குள் வந்தால், அது வெளியே போன இடத்தை நீ காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் மாட்டுக்கு நீ பொறுப்பு. இதனால் தேடும் சுமை, நிலத்தை நன்றாக அறிந்தவன்மேல் விழுகிறது. இதே விதி தேசிய எல்லையில் வந்து நின்றுவிடுகிறது. உகாண்டா ராணுவம் அனுமதியின்றிக் கென்யாவுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. செய்தி துணை மாவட்டத்திலிருந்து மாவட்ட ஆணையருக்கு, அங்கிருந்து எல்லைக்கு அப்பால் லோட்வாரிலுள்ள அதிகாரிக்கு, அவரிடமிருந்து கீழே ஊர்த்தலைவருக்கு என்று ஏறி இறங்க வேண்டும். அந்தச் செய்தி போய்ச் சேரும்போது மாடு சந்தையில் இருக்கும். இரு பக்கத்து அமைதிக் குழுக்காரர்கள் நேரடியாகக் கைபேசியில் பேசிக்கொள்ளும்போது வேலை நடக்கிறது. கையில் பணமில்லாமல், பேசக் காசில்லாமல், வண்டிக்கு டீசலில்லாமல் அது நின்றுபோவதும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஐகாட்டின் முன்னெச்சரிக்கைப் பிரிவான செவார்ன் 2002இல் தொடங்கியபோது கரமோஜா வட்டாரத்தையே முதல் களங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. களத்திலிருந்து தகவல் தொகுத்து அனுப்புவதில் அது நல்ல பழக்கத்தை உண்டாக்கியது. எச்சரிக்கை வந்த பிறகு வண்டி கிளம்புகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கான பொறுப்பு அந்தந்த நாட்டு அரசிடம்தான் இருக்கிறது.

சொல்லப்படும் தகவலின் தரமும் முக்கியம். “எங்கள் மாடு 200 போயிற்று” என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் யாரும் எதையும் தேட முடியாது. பசு எத்தனை, கிடேரி எத்தனை, எருது எத்தனை. நிறம், கொம்பின் வளைவு, காது வெட்டு, சூட்டுக்குறி. கடைசியாகப் பார்த்த நேரம், போன திசை, தடம் எந்தக் கணவாய்ப் பக்கம் இறங்குகிறது. இவ்வளவும் வேண்டும். இந்த மக்கள் ஒவ்வொரு மாட்டையும் நிறத்தாலும் கொம்பாலும் தனித்தனியாக அறிந்தவர்கள். கேட்டால் மந்தை முழுவதையும் வரிசையாகச் சொல்வார்கள். எழுதிக்கொள்கிற அதிகாரிதான் அவ்வளவு பொறுமையாக உட்காருவதில்லை. எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதும் நடக்கிறது, பாதிதான் திரும்பும் என்ற அனுபவத்தால். அந்த ஊதிய எண் அறிக்கையில் ஏறி, அமைச்சர் பேச்சில் ஏறி, எதிர்நாட்டின் மறுப்பாகத் திரும்பி வரும்.

மாடு பிடிபட்டாலும் வேலை முடிவதில்லை. மீட்ட மந்தையை முகாம் பக்கத்தில் அடைத்து வைப்பார்கள். அங்கே புல்லும் தண்ணீரும் கொடுக்க ஆள் வேண்டும். பல பட்டி மாடுகள் கலந்து நிற்பதால் கோமாரியும் நுரையீரல் தொற்றும் பரவும். உரிமை கோருபவர்களை மந்தைக்குள் விட்டுவிட்டு அடையாளம் கேட்டால், பார்த்ததையே அடையாளமாகச் சொல்லிவிடுவார்கள். முதலில் வெளியே உட்கார வைத்து அடையாளம் கேட்டு எழுதிவிட்டு, பிறகு இரு தரப்புப் பெரியவர்கள் முன்னால் மாட்டைக் காட்ட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மாடு தலையைத் திருப்புகிறதா என்று பார்ப்பதும் சாட்சிதான். இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில், மீட்ட மாட்டிலேயே சில காணாமல் போகும். அப்போது பழி திருடனிடமிருந்து அடுத்த நாட்டுச் சிப்பாய்க்கு மாறுகிறது.

ஊர்களுக்கு இடையிலான உடன்பாடுகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1973 டிசம்பரில் லோகிரியாமாவில் துர்கானாவும் மாதெனிகோவும் ஆயுதங்களைப் புதைத்துச் செய்துகொண்ட உடன்பாட்டை இன்றும் ஆண்டுதோறும் அதே இடத்தில் கூடி நினைவுகூர்கிறார்கள். உகாண்டா பக்கத்தில் 2013 வாக்கில் நபிலாடுக் தீர்மானம் வந்தது: களவுபோனதைப்போல் இரு மடங்கு திருப்ப வேண்டும், அதற்கு மேல் ஒன்று சேர்த்துத் தர வேண்டும். தண்டனை மாட்டிலேயே இருந்ததால் மக்களுக்குப் புரிந்தது. பறிகொடுத்தவனுக்குக் கையில் ஏதோ வந்தது. பின்னால் ராணுவம் நின்று வசூலித்ததால் சில ஆண்டுகள் ஓரளவு நடந்தது. ஆனால் திருடன் யாரென்று தெரியாதபோது அவன் பட்டியிலிருந்த மற்றவர்களின் மாட்டைப் பிடித்தார்கள். அவர்கள் இழந்ததை ஈடுகட்டக் கிளம்பினார்கள். எல்லைக்கு அப்பால் வசூலிக்க எந்த வழியும் இல்லை. கென்ய நீதிமன்றத்துக்கு அப்படியொரு தீர்மானம் சட்டமே இல்லை.

இனி 2022க்கு வருவோம். அந்த மார்ச்சில் மொரோட்டோ மாவட்டத்தில் கனிமங்களை வரைபடமிடப் போயிருந்த உகாண்டா அரசின் மூன்று நிலவியலாளர்களும் அவர்களுக்குக் காவலாகப் போன இரண்டு சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள். துர்கானா ஆயுததாரிகள்மேல் உகாண்டா குற்றம் சுமத்தியது. 2023 ஏப்ரலில் மொரோட்டோவில் ராணுவ நீதிமன்றம் ஒன்று 32 துர்கானா மேய்ப்பர்களுக்குச் சட்டவிரோதமாகத் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்ததற்காக ஆளுக்கு 20 ஆண்டு சிறை விதித்தது. அடுத்த மாதம் அதிபர் முசேவேனி 2023ஆம் ஆண்டின் மூன்றாம் நிர்வாக ஆணையை வெளியிட்டார். நிலவியலாளர்களைக் கொன்றவர்களைக் கென்யா ஒப்படைக்க வேண்டும். துர்கானாக்கள் துப்பாக்கியோடு வரக் கூடாது. ஆறு மாதத்துக்குள் இது தீராவிட்டால் எல்லோரும் மந்தையோடு வெளியேற்றப்படுவார்கள், திரும்ப அனுமதியில்லை. களவுபோன மாட்டைக் கென்யா மீட்டுத் தராவிட்டால், உகாண்டாவுக்குள் இருக்கும் துர்கானா மந்தையிலிருந்து அதே எண்ணிக்கையைப் பிடித்துப் பறிகொடுத்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்றும் அந்த ஆணை சொன்னது.

இந்த ஆணையில் நியாயமான பகுதி இருக்கிறது. கரமோஜாவில் 2001இல் தொடங்கி, 2006க்குப் பிறகு இன்னும் கடுமையாக, ஆயுதம் பறிக்கப்பட்டது. அதே அளவில் கென்யா தன் பக்கம் செய்யவில்லை. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டவன் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவன் மாடு மேய்த்தால், முதலாமவன் கோபப்படுவது சரியே. துர்கானாவில் கென்ய அரசே ஊர்க்காவல் படைக்கென்று துப்பாக்கியும் தோட்டாவும் கொடுத்து வைத்திருக்கிறது. கொள்ளை நடந்த இடத்தில் கிடக்கும் தோட்டா உறையின் அடித்தட்டைப் பார்த்தால், தயாரித்த ஆலையின் முத்திரையும் பெரும்பாலும் ஆண்டும் பொறித்திருக்கும். ஏகே-47 தோட்டா 39 மில்லிமீட்டர் நீள உறை. கென்யக் காவல்துறை வைத்திருந்த ஜி-3 ரகத் துப்பாக்கிக்கு 51 மில்லிமீட்டர். எல்டோரெட்டிலுள்ள கென்ய அரசு ஆலையின் தோட்டாக்கள் துர்கானா மேய்ப்பர்கள் கைக்குப் போனது 2008இலேயே ஆய்வில் பதிவாகிவிட்டது. அப்படி ஓர் உறை மேசைக்கு வந்ததும், விவகாரம் மேய்ப்பனை விட்டு அரசின்மேல் போய் நிற்கிறது.

ஆனால் சம எண்ணிக்கையைப் பிடிக்கும் விதி தவறானது, அதன் கணக்கிலேயே தவறு. பிடிபடுவது திருடனின் மாடு அல்ல, அந்த நேரம் உகாண்டாவில் மேய்ந்துகொண்டிருந்தவனின் மாடு. திருடியவன் கென்யாவில் இருக்கிறான். கணக்குத் தீர்ப்பவன் கோபெபே கரையில் தண்ணீருக்காக உட்கார்ந்திருக்கிறான். நிறைசினைக் கிடேரிக்குப் பதில் கிழட்டு எருதைப் பிடித்தாலும் எண்ணிக்கை சரியாகிவிடும், நியாயம் சரியாகாது. எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. நேற்றுவரை ஒரு திருடனிடம் மாட்டை இழந்தவன், இன்று ஓர் அரசிடம் இழக்கிறான். அவன் முறையீடு இனி அமைதிக் குழுவுக்குப் போகாது; நைரோபிக்குப் போகும். சின்னக் களவு வெளியுறவு அமைச்சகத்தின் கோப்பாவது இப்படித்தான். கொன்றவர்களை ஒப்படைக்கும் கோரிக்கைக்கும் இதே கதி. பெயரும் சாட்சியும் இல்லாமல் எந்தக் கென்ய நீதிபதியும் ஒருவரை எல்லை தாண்டி அனுப்ப முடியாது. அனுப்பப்படும் இடம் ராணுவ நீதிமன்றம் என்றால் தயக்கம் இன்னும் கூடும். பொதுமக்களை ராணுவ நீதிமன்றங்கள் விசாரிப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று உகாண்டாவின் உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

ஆயுதம் பறித்தால் போதும் என்பவர்கள் பாதுகாப்புப் பட்டிகளின் கதையையும் பார்க்க வேண்டும். கரமோஜாவில் ஆயுதமற்ற மேய்ப்பர்களின் மாட்டை ராணுவ முகாமை ஒட்டி ஒரே இடத்தில் அடைத்துக் காவல் காத்தார்கள். வெயில் ஏறிய பிறகே திறந்து, பொழுது சாயும் முன்பே அடைத்ததால் மேயும் நேரம் சுருங்கியது. சுற்றுப்புறப் புல் தீர்ந்தது. பால் வற்றியது. முகாமுக்கும் வீட்டுக்கும் தூரம் அதிகமானதால் இருந்த பாலும் குழந்தைகளுக்கு எட்டவில்லை. நெருக்கத்தில் உண்ணிக் காய்ச்சலும் நுரையீரல் தொற்றும் பெருகின. கொள்ளைக்காரனிடம் தப்பிய மாடு பட்டிக்குள் மெலிந்தது.

அடையாளக் குறிகளுக்கும் எல்லைகள் உண்டு. காது வில்லையைக் கத்தியால் ஒரு நொடியில் அறுத்துவிடலாம். சூட்டுக்குறி நிற்கும், ஆனால் அதன் மேலேயே வேறு சூடு போட்டுக் குழப்பலாம், தோலின் விலையும் குறையும். வயிற்றில் தங்கும் பீங்கான் உருளைதான் உறுதியானது. சுமார் 70 கிராம் எடையுள்ள அந்த உருளைக்குள் சிப் இருக்கும். நீண்ட கருவியால் தொண்டைக்குள் செலுத்தினால் இரண்டாம் இரைப்பையில் போய் உட்கார்ந்துவிடும். திருடன் எடுக்க வேண்டுமானால் மாட்டை அறுக்க வேண்டும். இளங்கன்றுக்குக் கொடுக்க முடியாது, கையடக்க வாசிப்பானை மாட்டின் விலாவுக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும். உகாண்டா ஒரு பட்டியலும் கென்யா ஒரு பட்டியலும் தனித்தனியாக வைத்திருந்தால் எண் தெரிந்தும் பயனில்லை.

ஊர் வழியும் அரசு வழியும் இரண்டுமே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஏப்ரல் 15 சாட்சி. தெற்கு சூடானிலிருந்து வந்த மூர்லே இன ஆயுததாரிகள் எத்தியோப்பியாவின் காம்பெல்லாவில் 200க்கும் மேற்பட்டோரைக் கொன்று, நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளையும் 2,000க்கும் மேற்பட்ட மாடுகளையும் கொண்டுபோனார்கள். எத்தியோப்பியா இரண்டு நாள் தேசிய துக்கம் அறிவித்தது. தெற்கு சூடான் அரசின் ஒப்புதலோடு எத்தியோப்பிய ராணுவம் எல்லை தாண்டியது. குழந்தைகள் ஒரேயடியாக மீட்கப்படவில்லை. ராணுவம் வெளியே நிற்க, உள்ளூர்த் தலைவர்கள் கிராமம் கிராமமாகப் பேசி, சில சில பேராகத்தான் திரும்பினார்கள். அவ்வளவு பெரிய படையாலும் கடைசியில் ஊர்ப் பெரியவரின் வாய்ச்சொல் இல்லாமல் முடிக்க முடியவில்லை.

எழுத்தில் எல்லாம் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் காவல்துறைத் தலைவர்கள் அமைப்பின் மாட்டுக் கொள்ளை ஒப்பந்தம் 2008இல் வந்தது. மாட்டுக்கு அடையாளம், பதிவேடு, கூட்டு நடவடிக்கை, ஈடு எல்லாம் அதில் உண்டு. 2019 செப்டம்பர் 12 அன்று அன்றைய கென்ய அதிபர் உஹுரு கென்யாட்டாவும் முசேவேனியும் மொரோட்டோவிலேயே எல்லைப்புற அமைதிக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இவற்றில் விட்டுப்போனது, அல்லது போதிய பணம் ஒதுக்கப்படாதது, கீழ்மட்டம்: எல்லையின் இரு பக்கமும் ஒரே படிவம், தடத்தைக் கைமாற்றி வாங்க ஒவ்வொரு கணவாயிலும் பெயர் குறித்த இரண்டு பேர், டீசலுக்குக் கைவசம் பணம், மாடு திரும்பாத குடும்பத்துக்கு முதல் மாதத்திலேயே கறவை ஒன்றைத் தரும் கூட்டு நிதி.

சந்தையையும் சேர்க்க வேண்டும். மாடு லாரியில் ஏற உகாண்டாவில் மாவட்டக் கால்நடை அலுவலரின் நகர்வு அனுமதி தேவை. அதில் பெரும்பாலும் தலை எண்ணிக்கைதான் இருக்கும். சூட்டுக்குறியும் நிறமும் இருப்பதில்லை. கோமாரி வந்து சந்தைகளை மூடினால், திருடன் மறைவழியில் போய்விடுகிறான்; நேர்மையாக விற்பவன்தான் மாட்டிக்கொள்கிறான். அனுமதிச் சீட்டில் குறியையும் நிறத்தையும் எழுதி, அதன் நகல் அன்றே எல்லைக்கு அப்பாலுள்ள அமைதிக் குழுவின் கைபேசிக்குப் போனால், மொரோட்டோவில் காணாமல் போன மாட்டை லோட்வார் சந்தையிலும், லோட்வாரில் போனதை மொரோட்டோ சந்தையிலும் லாரி கிளம்பும் முன்பே நிறுத்த முடியும்.